குடை பலகையில், விதை தரையில்

குழந்தையின் வாயோரம் இளஞ்சிவப்பாக இருந்தது. தலை தொங்கிக் கிடந்தது. எச்சில் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் தாய் அஞ்சலை அதை மடியில் போட்டுக்கொண்டு, "பாப்பா, பாப்பா" என்று கன்னத்தைத் தட்டினாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பார்த்தவுடனே தெரிந்தது. ஆவணி மாதம், வியாழக்கிழமை, காலை பதினொரு மணி.

அன்பான அடியார்களே, இது நடந்து பதினொரு வருடம் ஆகிறது. நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் இந்தக் கதையைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "வாத்தியார் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து மாரியம்மனை வேண்டினார். செத்துப்போக இருந்த குழந்தை பிழைத்தது" என்பார்கள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கைகூப்புவார்கள். நானும் கூப்புவேன்.  எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அன்று அம்மனிடம் நான் என்ன வேண்டினேன் என்பதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை.

சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகும் சாலையில், நம் கோயிலை ஒட்டி எனக்கு நிலம் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் வேதியியல் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்று, மக்காச்சோளம் போட ஆரம்பித்தேன். கோயிலுக்கும் அப்போது நான்தான் தர்மகர்த்தா. விதைப்புக்கும் களையெடுப்புக்கும் நம் ஊர்ப் பெண்கள் போதாமல், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் வருவார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் இறங்கினால் சனிக்கிழமைதான் மலையேறுவார்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். விட்டுவிட்டு வர அவர்களுக்கு யாரும் இல்லை.

குழந்தை வயலுக்குள் வரக்கூடாது என்பது என் கட்டளை. வரப்பில் தூளி கட்டினால் பால் கொடுக்கிறேன் என்று போய்விடுவார்கள், வேலை கெடும் என்று கணக்குப் போட்டேன். பதினொரு மணிக்கு ஒருமுறை, அதுவும் கால் மணி நேரம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். மற்ற நேரம் குழந்தைகள் மோட்டார் கொட்டகையில் இருக்க வேண்டும். பார்த்துக்கொள்ள உங்களில் ஒருத்தி இருந்துகொள்ளுங்கள், ஆனால் அவளுக்குக் கூலி கிடையாது என்று சொல்லியிருந்தேன். கூலி இல்லாமல் யார் இருப்பார்கள்? அதனால் யாரும் இருக்கவில்லை. தவழ்கிற குழந்தைகளின் இடுப்பில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைக் கயிற்றுக்கட்டில் காலில் முடிந்துவிட்டு வேலைக்கு இறங்குவார்கள்.

நம் ஊர்க் கண்ணம்மா ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாள். வாய்த் துடுக்கு அதிகம் அவளுக்கு.

"ஏன் வாத்தியாரே, உங்க மாட்டுக்கு மட்டும் கவுறு நீளமா வுட்டுக்கீறீங்க. எங்க புள்ளைங்களுக்கும் ஒரு மொழம் ஜாஸ்தி வுடலாமா?"

பெண்கள் சிரித்தார்கள். நான் அவளை இரண்டு நாள் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அந்தக் கொட்டகைக்குள் போகவே எனக்கு அருவருப்பு. மூத்திர வாடை. மூக்குச் சளியில் ஈ. பாலும் மண்ணும் கலந்து புளித்த நாற்றம். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு போய் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். அன்று அந்தக் குழந்தைகளைப் பார்த்து வந்த குமட்டல், இன்று கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் வருகிறது.

அதே கொட்டகையில் சுவரோடு ஒரு பலகை அடித்திருந்தேன். ஆள் கை தூக்கினால் எட்டும் உயரம். கோயில் அறை மழைக்கு ஒழுகியதால் அம்மனின் திருவிழாக் குடையை அந்தப் பலகைமேல் வைத்திருந்தேன். வெல்வெட்டுத் துணி, ஓரமெல்லாம் பட்டுக் குஞ்சம். வெள்ளைத் துணியில் சுற்றி, வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரம் காட்டுவேன்.

விதைப்புக்கு முந்தின நாள் மாலையில் விதைநேர்த்தி செய்தேன். பூச்சி அரிக்காமல் இருக்க விதையில் மருந்து கலப்பது. மருந்து கலந்தது என்று தெரியச் சிவப்புச் சாயமும் சேர்த்தேன். பார்க்கக் கல்யாண வீட்டு மிட்டாய் போல இருந்தது. நான் கையுறை போட்டுக்கொண்டுதான் கலந்தேன். எங்கள் வீட்டில் ஒரு ஜோடி கையுறைதான் இருந்தது. அது என்னுடையது. மறுநாள் அதே விதையைப் பெண்கள் வெறும் கையால் உழவுச் சாலில் போட்டார்கள்.

காலையில் வயலுக்கு எடுத்தது போக முக்கால் சாக்கு மிஞ்சியது. அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். குழந்தைகள் அங்கே இருந்தன. பலகையைப் பார்த்தேன். இடம் இருந்தது. சாக்கைத் தோள்வரை தூக்கியும்விட்டேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. அம்மன் குடைக்குப் பக்கத்தில் விஷத்தை வைக்கலாமா? தீட்டல்லவா?

சாக்கை இறக்கினேன். வாயைக்கூடக் கட்டாமல் தரையில் வைத்தேன். கட்டில் காலுக்குப் பக்கத்தில்.

நான் படிக்காதவன் அல்ல. அந்த மருந்து உடம்புக்குள் போனால் நரம்பை என்ன செய்யும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கத் தெரிந்தவன். என் பக்தியும் என் படிப்பும் சேர்ந்துதான் அந்த விஷத்தைக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தன.

அஞ்சலையின் குழந்தை தீபாவுக்கு அப்போது ஒன்றரை வயது. பதினொரு மணிக்குப் பால் கொடுக்க ஓடியவள் அப்படியே கத்தினாள். நான் போய்ப் பார்த்தேன். சாக்கைப் பார்த்தேன். வாயோரச் சிவப்பைப் பார்த்தேன். அஞ்சலையையும் குழந்தையையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தேன்.

பக்கத்துச் சங்கராபுரம் வேண்டாம், கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று விரட்டினேன். அதுவரைக்கும் நான் மனிதனாகத்தான் இருந்தேன். வழியில் ஒரு கரும்பு லாரி சாலையை மறித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினேன். பின்னால் திரும்பி என் தோள் துண்டை எடுத்துக் குழந்தையின் வாயைத் துடைத்தேன். உதடு, மோவாய், விரல் இடுக்கு, எல்லாம். சிவப்பு போகும்வரை துடைத்தேன்.

"மவராசனா இருப்பீங்க சார்" என்றாள் அஞ்சலை.

நான் தடயத்தைத் துடைத்தேன். அவள் என்னை வாழ்த்தினாள். 

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். குழந்தை என்ன தின்றது என்று கேட்டார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். படித்தவர் சொல்வார் என்று விட்டுவிட்டாள். நான் சொன்னேன்: "வரப்போரம் ஊமத்தை இருக்கு டாக்டர். காயைக் கடிச்சிருக்கும்."

உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் டாக்டரம்மா மறுபடி வெளியே வந்தார்.

"ஊமத்தைன்னா வாய் வறண்டுபோகும் சார். இதுக்கு எச்சில் ஊத்துது. கண்பாவை ஊசி முனை மாதிரி சுருங்கிப்போச்சு. நீங்க சரியாப் பார்த்தீங்களா?"

அவர் சொன்னதன் பொருள் எனக்கு முழுதாகப் புரிந்தது. இரண்டு விஷத்துக்கும் வைத்தியம் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதும் தெரியும். ஒன்றுக்குக் கொடுக்கக்கூடாததுதான் மற்றதற்கு மருந்து. தெரிந்துகொண்டே, "பார்த்தேன். ஊமத்தைதான்" என்றேன்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். நீங்கள் கதையில் சொல்கிற இடம் இதுதான். கண்ணை மூடினேன். கைகூப்பினேன். வேண்டினேன்.

"தாயே, இது கேஸ் ஆகாமல் பார்த்துக்கொள். வரும் ஆடிக்கு உனக்கு வெள்ளிக் காம்பு போட்டுக் குடை செய்து வைக்கிறேன்."

இவ்வளவுதான் என் வேண்டுதல். குழந்தையின் பெயர்கூட அதில் இல்லை. அது பிழைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் பென்ஷன், என் பேர், போலீஸ் ஜீப் வாசலில் நின்றால் ஊர் என்ன சொல்லும், இதுதான் என் நெஞ்சில் ஓடியது. அம்மன் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்தால் இன்றும் அவள் சன்னதியில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

கண்ணைத் திறந்தேன். எதிரில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். அவள் மாராப்பு முழுக்க வாந்தி.

"சார், அந்தத் துண்டக் குடுங்க. புள்ளைக்கு வாந்தி நிக்கல. தொடைக்கத் துணி இல்ல."

துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தேன். விரித்தால் சிவப்புத் தெரியும். நான் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், கெஞ்சுவதுபோலச் சொன்னாள்:

"அசிங்கம்னு பாக்காதீங்க சார். நல்லா சோப்புப் போட்டுத் தொவச்சுக் குடுத்துர்றேன்."

தன் குழந்தையின் வாந்தி என் துண்டில் பட்டுவிடுமே என்று நான் அருவருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். என்னை அப்படித்தானே மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறாள். மூக்கை மூடிக்கொண்டு வருகிறவன், மூக்கை மூடிக்கொண்டு போகிறவன்.

என்னை எழுப்பியது யார் என்று கேட்டால், அம்மன்தான் என்பேன். நானாக எழுந்திருக்கக் கூடியவன் அல்ல. துண்டை அஞ்சலையிடம் கொடுக்கவில்லை. நேரே உள்ளே போனேன். டாக்டரம்மாவின் மேசைமேல் அதை விரித்தேன்.

"ஊமத்தை இல்லை. நான் பொய் சொன்னேன். விதையில் கலந்த பூச்சிமருந்து. நான்தான் கலந்தேன்."

மருந்தின் வேதிப்பெயரைக் கேட்டார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு விகிதத்தில் கலந்தேன் என்பதையும் எழுதினேன். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அவர் படித்துவிட்டு நர்ஸிடம் ஏதோ சொல்லி ஓடவிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க என்ன வேலை பார்த்தீங்க சார்?"

"கெமிஸ்ட்ரி வாத்தியார்."

அவர் திட்டவில்லை. துண்டை ஒரு விரலால் தள்ளினார். நான் கொட்டகையில் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது இருக்குமே ஒரு முகம், அந்த முகம் அவருக்கு இருந்தது.

அஞ்சலை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.  குழந்தை கிடந்த பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாள் அங்கேயே கிடந்தேன். இந்த முறை குழந்தையின் பெயரைச் சொல்லி வேண்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை. குடை, காம்பு, வெள்ளி என்று பேரம் பேசவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தீபா கண் விழித்தாள். நர்ஸ் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கி ஒரு கடி கடித்தாள். பிடிக்காமல் துப்பினாள். அந்தத் துப்பல் தரையில் விழுந்ததைப் பார்த்து நான் அழுதேன்.

போலீஸ் வந்தது. கேஸும் ஆனது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையாக விதித்த அபராதத்தைக் கட்டினேன். இவ்வளவும் ஊர் அறிந்ததுதான்; நான் என்ன வேண்டினேன் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அடியார்களே, நன்றாகக் கவனியுங்கள். நான் எதை வேண்டினேனோ அதை அம்மன் கொடுக்கவில்லை. நான் வேண்ட மறந்ததைக் கொடுத்தாள். இதுதான் நடந்தது.

புரட்டாசியில் பழம், புதுத்துணி எல்லாம் வாங்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால் மனம் ஆறும் என்ற எண்ணம். அஞ்சலை சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தீபா தானியத்தில் உருண்டுகொண்டிருந்தாள். நான் கொண்டுபோன பையை அவள் தொடவில்லை. நான் பேசி முடிக்கும்வரை கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். தை மாசம் களையெடுப்புக்கு வருவோம். புள்ளைய எங்க வுடறது? அதச் சொல்லுங்க."

"மறுபடியும் வருவியாம்மா?"

"வராம இன்னா பண்றது? அவரு கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போய்க்கினு கீறாரு. இங்க வூட்ல எனக்கு யாரு இருக்கா? நீங்க மன்னிப்புக் கேட்டுக்கினு பஸ் ஏறிடுவீங்க. நான் புள்ளைய இடுப்புல வச்சிக்கினு அதே கொட்டாய்க்குத்தான வரணும்?"

 இறங்குகிற பஸ்ஸில் மலை வளைவுகளில் எல்லாம் அதே கேள்விதான் என்னைச் சுற்றியது. அவளுக்கு என் வருத்தம் தேவைப்படவில்லை. குழந்தையை விட ஓர் இடம்தான் தேவைப்பட்டது.

கொட்டகையை இடித்துவிட்டுக் குழந்தைகளுக்கு அறை கட்டினேன். இங்கேயும் என் படிப்பு குறுக்கே வந்தது. டைல்ஸ் போட்டேன். சுவரில் எழுத்துப் படம் மாட்டினேன். டவுனிலிருந்து படித்த பெண் ஒருத்தியை வைத்தேன். காலை ஒன்பதுக்குத் திறப்பு, ஒரு குழந்தைக்கு இவ்வளவு கட்டணம் என்று பலகை எழுதி வைத்தேன். ஒரு குழந்தைகூட வரவில்லை. கண்ணம்மாதான் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நாங்க ஆறு மணிக்குக் காட்டுல எறங்கறோம். ஒம்போது வரைக்கும் புள்ள இன்னா வாத்தியாரே, வேப்பமரத்துல தொங்குமா? வாங்கற கூலில பாதிய உங்க கையில குடுத்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு வேலைக்கு வரோம்? வூட்லயே புள்ளைய வச்சிக்கினு குந்திக்கினு இருப்போமே."

 ஏழைக்கு என்று கட்டிவிட்டு ஏழை நுழைய முடியாத விலை வைத்திருந்தேன். அன்று அந்தப் பெண்களையே உட்காரவைத்துக் கேட்டேன். வாழ்நாளில் முதல்முறை, நான் சொல்லாமல் கேட்டேன். அவர்கள் கேட்டது அதிகம் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்குத் திறக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர்கள் தெரிந்த பெண்களாக இருக்க வேண்டும், அவர்களுக்கு வயல் கூலியே கூலி. கைக்குழந்தைகளுக்குத் தனி ஆள். காய்ச்சிய தண்ணீர், சூடான கேழ்வரகுக் கூழ், ஆளுக்கொரு தூளித் துணி. பால் கட்டினால் எந்த நேரமும் போய்க் கொடுக்கலாம், அதற்குக் கூலி பிடிக்கக்கூடாது. தாய்மார் தங்களால் ஆனதைத் தருவார்கள், ஒரு பிடி தானியம் அல்லது ஒரு கட்டு விறகு.

மீதிச் செலவுக்கு எங்கே போவது? அப்போதுதான் சாமி மரக்கால் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் எந்தக் களத்தில் தானியம் அளந்தாலும் முதல் மரக்கால் அம்மனுக்கு என்று எடுத்துவைக்கிறோம். அது கோயிலுக்கு வந்து, விற்று, திருவிழா வாணவேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது. கோயில் கூட்டத்தில் எழுந்து, இனி அது குழந்தைகள் வீட்டுக்குப் போகட்டும் என்றேன்.

"சாமி பங்குலயே கைய வைக்கிறீங்களா வாத்தியாரே?" என்று நிலக்காரர் ஒருவர் சீறினார். பலர் தலையாட்டினார்கள்.

விவாதம் செய்து ஜெயிக்கிற ஆள்தான் நான். அன்று வாதம் வரவில்லை. பலகையில் குடை இருந்ததையும், தீட்டுப் பட்டுவிடும் என்று விஷத்தைத் தரையில் வைத்ததையும் சொன்னேன். கோர்ட்டில் யாரும் கேட்காததால் அங்கே சொல்லாத விஷயம் அது.  பின்னால் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து கண்ணம்மாவின் குரல் வந்தது.

"குடைக்கு ஒண்ணும் ஆவலியே வாத்தியாரே?"

யாரும் சிரிக்கவில்லை. சீறிய நிலக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் முதல் மரக்கால் அவர் களத்திலிருந்துதான் வந்தது. எல்லாரும் கொடுக்கவில்லை. இன்றும் கொடுக்காதவர்கள் உண்டு. குறைகிற வருடங்களில் வேலைக்கு ஆள் வைத்தவர்கள் பகிர்ந்துகொள்கிறோம். ஆனால் பத்து வருடமாக ஐந்தரை மணிக்குக் கதவு திறக்கிறது. திறப்பது கண்ணம்மா. அந்த வருடம் தை மாதம் அஞ்சலை குழந்தையோடு வந்தாள். முதல் வாரம் முழுக்க மணிக்கு ஒருமுறை ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாம் வாரம் பதினொரு மணிக்கு மட்டும் வந்தாள். அதைவிடப் பெரிய மன்னிப்பு எனக்குக் கிடைக்காது. தீபா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்னிடம் அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் அம்மா சொல்லிவிட்டாள். சொன்னது சரிதான்.

நான் தினமும் காலையில் அங்கே போய் உட்காருகிறேன். மூத்திரத் துணி அலசிப் போடுகிறேன். அதே வாடைதான். மூக்கை மூடுவதில்லை. நாற்றம் எதிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு மூடி என்ன பயன்?

வெள்ளிக் காம்புக் குடை நான் செய்யவில்லை. பழைய குடையே இருக்கிறது. குழந்தைகள் வீட்டில் ஒரு பலகை அடித்திருக்கிறோம். அதில் மண்ணெண்ணெய், பினாயில், கத்தி, மாத்திரை எல்லாம் இருக்கின்றன. அம்மன் குடை கீழே, மூலையில், தரையோடு சாய்த்து வைத்திருக்கிறது. பூசாரி முதலில் முகம் சுளித்தார். பிறகு பழகிவிட்டது.

அடியார்களே, அம்மன் கேட்பாள். நம்பி வேண்டுங்கள். நாக்கூசாமல் பொய் சொன்ன என் வாயையே அவள் திறக்கவைத்தாள், உங்களைக் கைவிடமாட்டாள். ஆனால் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒருமுறை உங்கள் வீட்டையும் களத்தையும் சுற்றிப் பாருங்கள். எதை மேலே வைத்திருக்கிறீர்கள், எதைக் கீழே விட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் வயலில் வேலை செய்கிறவளின் குழந்தை இந்த நேரம் எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேளுங்கள். பிறகு வேண்டுங்கள்.

இந்த ஆடித் திருவிழாவுக்குக் குடையை எடுத்து விரித்தபோது பட்டுக் குஞ்சங்களில் மூன்று ஈரமாக இருந்தன. ஒன்றில் சின்னஞ்சிறு பல்தடம். அதை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மன் அந்தக் குடையோடுதான் வீதி வந்தாள்.